கொல்லிமலைக் கானக்கோழியும் காத்திருக்கும் கலையும்

தரையில் மேய்ந்து மரக்கிளையில் அடையும் கோழியினப் பறவைகளை அவற்றின் இனப்பெருக்கக் காலத்தில் தேடிச் செல்லும் பயணத்துக்கு, நாடு எதுவாயினும், இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்காகப் பிற மாநிலத்துக்குச் செல்வோர், அம்மாநிலம் வெளியாருக்கு வழங்கும் உரிமத்தையும் அனுமதிக்கப்பட்ட நாள்களையும் முதலில் அறிந்துகொள்கின்றனர். சேவல்கள் அடையும் மரங்களை முந்தைய மாலையே கண்டுவைத்து, விடியலுக்கு முன் ஒரு மரத்தில் முதுகு சாய்த்து அமர்ந்து, கற்பலகையைக் குச்சியால் உரசியோ மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்தோ பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை வரவழைக்கின்றனர். சுடுதல் இதில் கடைசி நொடியின் செயல். அதை நீக்கிவிட்டு எஞ்சியதை ஒரு கலையாகப் பயில விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் ஏற்ற நிலங்களுள் ஒன்று கொல்லிமலை. அதற்கு ஏற்ற பறவை, சாம்பல் காட்டுக்கோழி எனப்படும் கானக்கோழி.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலமாகப் பரந்துள்ள கொல்லிமலை, எடப்புளி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நாடு என்பது இங்கே பல சிற்றூர்கள் சேர்ந்த மலைப்பிரிவைக் குறிக்கும்; மலையாளி எனப்படும் பழங்குடியினர் இவற்றில் வாழ்ந்து, சாமையும் தினையும் விளைவித்ததோடு இன்று மிளகு, காப்பி, பலா, வாழை ஆகியவற்றையும் பயிரிடுகின்றனர். இம்மலையின் பழம்புகழே வேட்டையால் வந்தது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும், இம்மலையின் தலைவனான வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி இறுதியில் உடும்பில் சென்று தைக்கிறது. விலங்கை விலங்கால் ஈர்க்கும் நுட்பமும் சங்ககாலத் தமிழர் அறிந்ததே. இனத்தைக் கவர்ந்திழுக்கப் பழக்கிய விலங்குக்குப் பார்வை என்று பெயர், அது வேட்டுவர் குடிலின் முற்றத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது.

அந்த வேட்டை மரபு சட்டத்தின் எல்லைக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். நீலகிரிக்கென 1879இல் இயற்றப்பட்ட வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழியையும் வேட்டைக்குரிய உயிர்களின் பட்டியலில் சேர்த்து, வேட்டை கூடாத காலத்தை வரையறுக்க வழிசெய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் பெற இடமளித்தது. 1991இல் வந்த திருத்தம் அதையும் நீக்கியது. வேட்டை என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறை மிக விரிந்தது: கொல்லுதல் மட்டுமன்றி, கண்ணி வைத்தலும் விரட்டுதலும் இரை வைத்து ஈர்த்தலும், பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தலும் அதனுள் அடங்கும். ஆகவே நல்ல படம் வேண்டித் தானியம் தூவுபவர், கையில் துப்பாக்கி இல்லாவிடினும், இவ்வரையறையின் விளிம்பில் நிற்கிறார்.

கானக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. அதன் அறிவியற்பெயர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராவின் பெயரைத் தாங்கியுள்ளது. சேவலின் உடல் சாம்பல் நிறம், வால் கருநீலம் பளபளக்கும் அரிவாள் வளைவு; ஆனால் ரசிகரின் கண் முதலில் செல்ல வேண்டிய இடம் கழுத்து. அங்குள்ள ஒவ்வோர் இறகின் நுனியும் தட்டையாகித் தடித்து, மெழுகு சொட்டி உறைந்தாற்போன்ற மஞ்சள் தகடாக மாறியிருப்பதால், வெயிலின் முதற்கீற்று படும்போது கழுத்து முழுவதும் தனித்தனிப் புள்ளிகளாக ஒளிர்கிறது. மீன் பிடிக்கும் தூண்டிலில் பூச்சியைப் போலக் கட்டப்படும் செயற்கை இரைக்கு இந்த இறகு பெரிதும் விரும்பப்பட்டதால், இந்தியக் காடுகளிலிருந்து தோல்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. பின்னர் அந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே எனினும், அதன் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

பருவத் தேர்வே பயணத்தின் முதல் முடிவு. மழைக்காலத்தில் சேவல் தன் கழுத்து இறகுகளை உதிர்த்துக் குட்டையான கருநிற இறகுகளை அணிந்து, கூவுவதையும் பெரும்பாலும் நிறுத்திவிடுவதால், ஆடியில் செல்பவர் அதன் அழகையும் குரலையும் ஒருங்கே இழக்கிறார். மாசி முதல் சித்திரை வரையிலான காலம் இணைசேரும் காலமாதலால், சேவல் முழுக்கோலத்தோடு தன் எல்லையைக் கூவி அறிவிக்கிறது. இதே காலம் காட்டுத்தீயின் காலமும் ஆகும். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறியோர் தீயில் சிக்கி இறந்த பின்னர், தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது; காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி கட்டாயம் என்பதோடு, தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. எனவே கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வருபவர், காட்டுக்குள் நுழைவதை நம்பித் திட்டமிடாமல், காட்டோரமாக உள்ள காப்பி, மிளகுத் தோட்டங்களின் உரிமையாளரிடம் முன்கூட்டியே இசைவு பெறுவது அறிவுடைமை. கானக்கோழியும் உதயத்திலும் அந்தியிலும் அத்தகைய விளிம்புகளுக்கே மேய வருகிறது.

மலையடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், விடியலுக்கு முன் இடத்தில் இருக்க வேண்டியவர் சமவெளியிலிருந்து அன்று காலை புறப்படுவது பயன் தராது. முந்தைய நண்பகலுக்குள் மலைமேலுள்ள செம்மேட்டையோ சோளக்காட்டையோ அடைந்து, மாலையில் சேவல் எத்திசையில் அடையக் கூவுகிறது என்று கேட்டுவைப்பதே மறுநாளுக்கான அடித்தளம். இங்கே செவிக்கு ஒரு சோதனை உண்டு. எடப்புளி நாட்டின் சிற்றூர்களில் வீட்டுச் சேவல்களும் கூவுவதால், தொலைவில் எழும் குரல் எவருடையது என்று பிரித்தறிய வேண்டும். வீட்டுச் சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு கூவிக் கடைசி அசையை இழுத்து முடிக்கும். கானக்கோழியோ இறக்கை அடிக்காமல், குக்-காயா-காயா-குக் என்று வெட்டி வெட்டிக் கூவிச் சட்டென நிறுத்தும். அந்தக் கூவலின் முடிவில் அது எழுப்பும் தாழ்ந்த முனகல் மிக அருகில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும் என்பதால், அதைக் கேட்டவர் தாம் சரியான இடத்தில் அமர்ந்திருப்பதை உறுதிசெய்துகொள்ளலாம்.

அமர்ந்த பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே இக்கலையின் கடினமான பகுதி. மாசிச் சருகு காலடியை வெகுதொலைவுக்குக் காட்டிக்கொடுப்பதால் இடம் மாறுதல் கூடாது. ஆடை மங்கிய நிறத்ததாக இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னே பலாமரமோ பாறையோ இருந்தால் மனித உருவத்தின் விளிம்பு மறையும். மரத்திலிருந்து இறங்கிய பறவை உடனே வெளியில் வருவதில்லை. முதலில் சருகைச் சீய்க்கும் ஒலி, பின் செதில் வரிகள் நிறைந்த வெண்மார்போடு பெட்டை, அதற்கும் பின்னே, ஒரு காலைத் தூக்கியபடி நின்று நின்று, சேவல். பறவையின் கழுத்து நிமிர்ந்து இறுகுமானால் பார்ப்பவரை அது உணர்ந்துவிட்டது என்று பொருள். தலை தாழ்ந்து மீண்டும் சருகைக் கிளறுமானால் இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும்.

வான்கோழி வேட்டையின் நுட்பங்களில், சுடுதலைத் தவிர, இங்கே கைவிட வேண்டியது போலிக்குரல் எழுப்புதல் ஒன்றே. கைபேசியில் பதிவுசெய்த கூவலை ஒலிக்கச் செய்தால் சேவல் ஓடி வரக்கூடும். ஆனால் இல்லாத எதிரியோடு போரிட அது தன் காலை மேய்ச்சலையும் இணையையும் விட்டு வருகிறது. பறவை தன்னியல்பாக வந்து, மேய்ந்து, பார்வையாளர் இருந்ததை அறியாமலே திரும்புவதுதான் இக்கலையில் தேர்ச்சிக்கு அடையாளம்; அஞ்சிப் பறந்த சேவலை எவ்வளவு நெருக்கத்தில் கண்டிருந்தாலும் அது தோல்வியே. கொல்லிமலைக்குச் செல்ல எண்ணுவோர் தை மாதத்திலேயே தோட்டத்தாரின் இசைவையும் வனத்துறையின் நடப்பு விதிகளையும் கேட்டறிந்து, தங்குமிடத்தை உறுதிசெய்துகொண்டு, குறைந்தது இரண்டு விடியல்களையாவது இதற்கென ஒதுக்க வேண்டும்.