செட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய செட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்துச் செதுக்கலையும் கைப்பிடியின் வளைவையும் பிறகு ரசிக்கலாம். செட்டியின் சாதகம் எழுதியிருப்பது ஆசனத்தின் அடியில்தான்.

இழைப்பும் பொலிஷும் ஏறாத அந்த இடத்தில் மரம் காற்றுப்பட்டே கறுத்திருக்கும். கைவாளால் அறுத்த பலகை என்றால் வாள் தடங்கள் நேராக, இடைவெளி கூடியும் குறைந்தும் ஓடும். வில் போல வளைந்த தடங்கள் தெரிந்தால் அது வட்டவாள் ஆலையில் அறுபட்ட மரம். கடைந்த கால்களின் குறுக்களவை இரண்டு திசையிலும் எடுத்துப் பாருங்கள். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நூறு, நூற்றைம்பது வருடம் கண்ட உருண்டைக் கால் வட்டம் குலைந்து சற்றே நீண்டிருக்கும். திருகாணி ஒன்றைக் கழற்ற விட்டால் அதன் முனையையும் பாருங்கள். கூர்முனைத் திருகாணி பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. மொட்டை முனை கிடைத்தால் அதற்கு முந்திய வேலையாக இருக்கலாம். ஒரு திருகாணியை மட்டும் வைத்து வயது சொல்லிவிடவும் கூடாது. பழைய திருகாணியைப் புதுமரத்தில் ஏற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மரம், வாள் தடம், கால், ஆணி எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

மாத்தளை மாவட்டத்து எங்கள் உக்குவளையில் இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்கள் இந்த மலைகளில் ஏறியிருந்தன. கோப்பி போய்த் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. துரைமார் பங்களா விறாந்தைகளில் சாய்மனைக் கதிரைகளுக்குப் பக்கத்தில் பிரம்பு பின்னிய நீளச் செட்டியும் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஊர் வீடுகளுக்கும் ஓடாவிமார் செய்து கொடுத்தார்கள். இன்றும் சிவப்புச் சீமெந்துத் தரை போட்ட பழைய வீடுகளில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கின்றன. சில விறாந்தையில் இருக்கின்றன, பல கொட்டிலில்.

இந்தத் தளபாடக் கலையின் வேர் இன்னும் பழையது. ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை ஆண்டது 1658 முதல் 1796 வரை. அதே காலத்தில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கருங்காலியில் பூவும் கொடியும் நெருக்கிச் செதுக்கி, முறுக்குக் கால் வைத்த கதிரைகளும் செட்டிகளும் செய்யப்பட்டன. அவை இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்தவர்களுக்கு அவற்றின் ஊர் தெரியவில்லை. ஹொரஸ் வால்போல் என்ற பெரிய ரசிகர் அவற்றைத் தம் நாட்டு டியூடர் மன்னர் காலத்து வேலை என்றே நம்பி, ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிப் போட்டார். நம் கரையோரத் தச்சர்களின் உளி வேலை அரசர் வீட்டுச் சொத்தாக மதிக்கப்பட்டது. செய்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. இதை நினைக்கும் போதெல்லாம் எனக்குப் பெருமையோடு ஒரு வருத்தமும் வரும்.

18ஆம் நூற்றாண்டில் செட்டியின் உருவம் மாறியது. இரண்டு மூன்று கதிரைகளைத் தோளோடு தோள் ஒட்டியது போன்ற முதுகும் வளைந்த கால்களும் வந்தன. ஆங்கிலேயர் காலத்தில் முதுகு நீண்ட ஒரே சட்டமாகி, கைப்பிடி சுருண்டு, ஆசனம் முழுவதும் பிரம்பானது. கொழும்பு புறக்கோட்டையில் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாங்குவதற்கு முன் கண் பழக வேண்டும். அதற்குக் கடையைவிட அருங்காட்சியகம் நல்ல இடம்.

எதை வாங்குவது என்று கேட்டால், என் விருப்பம் செதுக்கல் குறைந்த ஆங்கிலேயர் காலத்துச் செட்டி. கருங்காலிச் செட்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் பாரம், செதுக்கல் இடுக்கெல்லாம் தூசி, விலையும் எட்டாது. கலமந்தர் மரத்தில் செய்தது இன்னும் அரிது. பழுப்பும் கறுப்பும் வரிவரியாக ஓடும் அந்த மரத்தை வெட்டி வெட்டியே காட்டில் அருகச் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு ஏற்றவை நெதுன், முதிரை, பலா, தேக்கு. முதிரை பொன் மஞ்சளாக, பட்டுப் போல் மின்னும். பலாவை வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும். வயது ஏற ஏறச் செம்பழுப்பாகும். அந்தச் செம்பழுப்பை எந்தச் சாயமும் தராது. காலம்தான் தர வேண்டும். பலாச் செட்டியை மலிவுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் இலேசில் தொடாது. மஞ்சள் மங்கிய வெளிறுப் பகுதியில்தான் உளு விழும். பழைய துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். தட்டும்போது மாவு போல் புதுத்தூள் கொட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இனிப் பிரம்புக்கு வருவோம். பழைய செட்டியின் உயிர் அதில்தான். ஆசனச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்பின் மேல்தோலை நாடாவாகச் சீவி, துளைவழி ஏற்றி இறக்கி, முதலில் நெடுக்கிலும் குறுக்கிலும், பிறகு இரண்டு மூலைவாட்டிலும் பின்னுவார்கள். முடியும்போது எண்கோணக் கண்கள் ஆசனம் முழுக்கத் திறந்திருக்கும். கையால் பின்னியதா என்று அறிய மறுபடியும் கவிழ்க்க வேண்டும்: அடியில் துளைக்குத் துளை பிரம்பு தாவி முடிந்திருக்கும். ஆலையில் நெய்த பிரம்புப் பாயைச் சட்டத்தின் பள்ளத்தில் பசை வைத்து இறுக்குவது பிற்கால முறை. அது கெட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் கைப்பின்னல் ஆள் உட்காரும்போது நாலு திசையும் சேர்ந்து தாங்கும். எழுந்ததும் மீண்டும் நிமிரும். இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தால் உடம்பே சொல்லிவிடும்.

தொய்ந்த பிரம்பை உடனே பிய்த்துப் போடாதீர்கள். மேற்பக்கம் பளபளத்த தோல் என்பதால் தண்ணீர் இறங்காது. அடிப்பக்கத்திலிருந்து ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் ஆறவிடுங்கள். நார் சுருங்கி ஆசனம் இறுகிவிடும். முழுதும் காயும் வரை யாரும் உட்காரக்கூடாது. கொழும்பில் குளிரூட்டிய அறைகளில் பிரம்பு வறண்டு முறிகிறது. சுதுகங்கைக் கரையின் ஈரக்காற்று அதற்கு நல்லது. அந்த வகையில் உக்குவளை பிரம்புச் செட்டிக்கென்றே அமைந்த ஊர். பிரம்பின் பெரிய எதிரி முழங்கால். பிள்ளைகள் ஆசனத்தில் முழங்கால் ஊன்றி யன்னலால் எட்டிப் பார்க்கும்போதுதான் அது அறும். அறுந்தால் பிரம்பாலேயே பின்னுங்கள். பிளாஸ்டிக் நாடாவை ஏற்றிய செட்டி தொய்ந்தால் தண்ணீரால் அதை மீட்க முடியாது.

பழுதுபார்ப்பதில் நான் பிடிவாதக்காரன். பழைய செட்டியைச் சான்ட் பேப்பரால் உரசித் தோலுரித்து, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வார்னிஷ் அடிப்பது அதன் வயதையே சுரண்டி எறிவதாகும். கைகள் பட்டுப் பட்டுக் கைப்பிடியில் ஏறிய மங்கலான மினுக்கம் ஒருமுறை போனால் போனதுதான். பழைய மெருகு பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். மெருகு இளகினால் அரக்கு. அதன்மேல் அரக்கையே மெல்லிதாக ஏற்றலாம், அல்லது தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடைக்கலாம். அரக்கு மெருகின்மேல் சூடான தேநீர்க் கோப்பையை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

மூட்டு ஆடினால் ஆணி அடிக்கவே கூடாது. பழைய ஓடாவிமார் ஒரு சட்டத்தின் நாக்கை மற்றதன் துளையில் செருகி, மர ஆணி இட்டு, வச்சிரப்பசை வைத்தார்கள். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆகவே மூட்டைப் பிரித்துத் துடைத்து மறுபடி ஒட்டலாம். இன்னொரு தலைமுறை வந்து திருத்துவதற்கு வழி விட்டுச் செய்த வேலை அது. இரும்பாணி அந்த வழியை அடைத்துவிடும்.

வாங்கிய செட்டியை எங்கே போடுவது? மூன்றுபேர் செட்டி ஆறடி வரை வரும்; முதலில் வாசலையும் சுவரையும் அளந்துகொள்ளுங்கள். சுற்றிவரச் சாமான் நெருங்கினால் அது மூச்சு முட்டும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தம் கொழும்பு வீட்டில் செட்டிநாட்டுத் தூண்களை வெறும் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நிறுத்தினார். பழையதைச் சுற்றி வெறுமை வேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். மேலே மெத்தை வேண்டுமென்றால் இலவம் பஞ்சில் மெல்லியதாக ஒன்று, கைத்தறி உறையோடு போதும். எனா டி சில்வா அளுவிகாரையில் வளர்த்தெடுத்த பற்றிக் வேலை நம் மாவட்டத்துச் சொத்து. அப்படியொரு துணி பலாவின் நிறத்தோடு அழகாகப் பொருந்தும். தடித்த ஸ்பொஞ்சு போட்டால் பிரம்பின் கண்கள் அடைபடும். காற்று அடியிலிருந்து முதுகுக்கு ஏறும் சுகமும் போய்விடும்.

விறாந்தையில் போட்டால் சாரல் படாத பக்கமாகப் போடுங்கள். தரை கழுவும் நாளில் கால்களைத் தூக்கி வையுங்கள். மரம் முதலில் உளுத்துப் போவது பாதத்தில்தான். பாதத்தின் அடியில் மெழுகு தேய்த்துவிட்டால் நல்லது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பழம்பொருளை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

உக்குவளையிலும் சுற்றுவட்டத்திலும் கொட்டிலில் செட்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரம்பு அறுந்துவிட்டது என்பதற்காக அதை விறகுக்குப் போடாதீர்கள். பழஞ்சாமான்காரரிடம் வந்த விலைக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலை செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுங்கள். பின்னி வந்ததும் முன் விறாந்தையில் போட்டு, தினமும் அதில் உட்காருங்கள்.