காலடியை எண்ணாத நாடிப்பட்டை

மெதுவோட்டத்தின்போது கைக்கடிகாரம் இதயத்துடிப்பை 170 என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட முடிகிறதென்றால், அது எண்ணிக்கொண்டிருப்பது அநேகமாக உங்கள் காலடிகளைத்தான். ஓடுபவர்கள் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது சாதாரணம். வேகமெடுத்தால் இதயமும் அதே எண்களுக்கு வந்துவிடும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் போலார் வெரிட்டி சென்ஸ் பட்டையை மேல்கையில் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒப்பிட்டுப் பார்க்க மார்பில் போலார் எச்10, மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட்வாட்ச்.

2021-இல் வந்த வெரிட்டி சென்ஸில் திரை கிடையாது. துணிப்பட்டையில் செருகும் சின்ன வட்டு, அதன் அடியில் ஆறு எல்இடி விளக்குகள், அவ்வளவுதான். எண்ணைப் பார்க்க ப்ளூடூத்தில் போனையோ வாட்சையோ இணைக்க வேண்டும்.

இந்த விளக்குகள் வீசும் பச்சை ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மொத்த வெளிச்சத்தில் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். கை வீசும்போது உணரிக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலே அதைவிடப் பெரிய அலை எழும்பி, நாடியை மூழ்கடித்துவிடும்.

இதைச் சரிசெய்ய ஆக்சலரோமீட்டர் உதவுகிறது. கை எந்தத் தாளத்தில் ஆடுகிறதென்று அது சொல்ல, அந்தத் தாளத்தை ஒளி அலையிலிருந்து மென்பொருள் கழிக்கிறது. ஆய்வாளர் ஜிலின் ஜாங்கின் குழு 2015-இல் வெளியிட்ட ‘ட்ராய்கா’ முறை இதில் முக்கியமானது. ட்ரெட்மில்லில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம்வரை ஓடிய 12 பேரின் மணிக்கட்டுப் பதிவுகளில், சராசரிப் பிழையை நிமிடத்துக்கு 2.34 துடிப்பாகக் குறைத்துக் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் ஆக்சலரோமீட்டருக்குத் தெரிவது கையின் அசைவு மட்டுமே. தோலுக்கு மேல் உணரி எப்படி வழுக்குகிறது என்பதை அது நேராக அளப்பதில்லை. இதயமும் காலும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால், அசைவைக் கழிக்கும்போது நாடியும் சேர்ந்தே கழிந்துவிடும். முந்தைய எண்ணையொட்டியே அடுத்ததைத் தேடும் முறைகள் ஒருமுறை காலடியைப் பிடித்துக்கொண்டால் சுலபத்தில் விடுவதுமில்லை.

அதனால்தான் உணரியை எங்கே கட்டுகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. மணிக்கட்டில் எலும்பும் தசைநாணும் அதிகம், வீச்சும் அதிகம். மேல்கையில் சதை உண்டு. பட்டை இறுகப் படிந்து நிற்கும். சீரான ஓட்டத்தில் வெரிட்டி சென்ஸ் மார்புப்பட்டையோடு ஒட்டியே வந்தது. வாட்ச் அவ்வப்போது காலடிக்குத் தாவியது. எடை தூக்கும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது: கம்பியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கியதும் வாட்சின் எண் சரிந்தது, கைப்பட்டையின் எண் நிலைத்து நின்றது. திடீர் வேகப்பாய்ச்சலில் மட்டும், இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் படிக்கும் மார்புப்பட்டை முந்திக்கொண்டது.

வாட்ச் மட்டும் வைத்திருப்பவர்கள் அதை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். இதயம் படிப்படியாகத்தான் இறங்கும். நின்ற கையோடு எண் பல படிகள் தாவி விழுந்தால் அதுவரை எண்ணப்பட்டது காலடி.

ஓட்டம், சைக்கிள், ஜிம் என்று பயிற்சி செய்பவர்களுக்கு, மார்பில் பட்டை கட்டப் பிடிக்காதென்றால், வெரிட்டி சென்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை நுணுக்கமாக அளக்க விரும்புபவர்கள் எச்10 வாங்கலாம். நெஞ்சில் படபடப்போ வலியோ இருப்பவர்கள் இரண்டையும் நம்பியிருக்காமல் மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும்.