பாகூர்ச் செப்பேடும் பள்ளிப் பாடநூலும்

அந்நிய ஆட்சி அகன்றால் கல்வியும் தானே விடுதலை பெறும் என்பார் உளர். புதுவையின் சிற்றூர்களை நோக்குவோர்க்கு இக்கூற்றின் பொருந்தாமை புலப்படும். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு நிருவாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. எனினும் தனக்கெனத் தேர்வு வாரியம் ஒன்றை இம்மண் கண்டதில்லை. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாகி கேரளப் பாடத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்தையும் கடன் வாங்கின. 2023-24ஆம் கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின்பால் திரும்பின. நீட் போன்ற தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தல் அதற்குக் கூறப்பட்ட காரணம்.

அக்காரணத்தை எள்ளி நகையாடுதல் எளிது, நேர்மையன்று. வில்லியனூர்க் கூலித் தொழிலாளியின் மகள் மருத்துவராக விழைகின்றாள். தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவளை மட்டும் தாய்மொழியைக் காக்குமாறு பணிப்போர் யாவர்? (அவருள் எழுத்தாளரும் உளர் என்பதை நாணத்தோடு ஒப்புகின்றேன்.)

பழமைக்கு மீள்வோம் என்பார் மற்றொரு சாரார். அவர்க்குப் பாகூரே தக்க சான்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, அவ்வூர் வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆயின் அது வேதம் வல்லார் பயின்ற கல்விக்கூடம். அம்மூன்று ஊர்களிலும் ஏர் உழுதோரின் பிள்ளைகளுக்கு ஆங்கே இருக்கை இருந்ததா? இவ்வினாவை எழுப்பாத மீட்சி, எசமானரை மாற்றுவதன்றி வேறென்ன?

அந்நியர் தமிழை அறவே துரத்தினர் என்பதும் முழு உண்மையன்று. பாரதிதாசன் 1909-இல் தமிழாசிரியராய்ப் பணி ஏற்றது பிரெஞ்சு அரசின் பள்ளியில்தான். மாறாக, நம் பாட்டிமார் ஓதியும் எழுதியும் போற்றிய அரபுத்தமிழை எந்த வாரியம் எழுத்தறிவாக மதித்தது? பிரெஞ்சுக்காரரும் மதித்திலர், பின்வந்த நம்மவரும் மதித்திலர்.

கென்யாவின் கூகி வா தியாங்கோ, மனத்தின் அடிமைத்தளை பற்றிய தம் நூலை 1986-இல் வெளியிட்டு, இனிக் கிக்கூயு மொழியிலேயே எழுதுவதாக உறுதி பூண்டார். அஃது ஓர் எழுத்தாளரின் துறவு. அவர் ஒருவர் துணிந்தால் போதும். பள்ளிக்கூடத்திற்கோ ஆசிரியர் வேண்டும், நூல் வேண்டும், தேர்வு வேண்டும், தேறியபின் வேலையும் வேண்டும். பாகூர் ஏரியையும் செப்பேட்டையும், அதனோடு மேற்சொன்ன வினாவையும் சேர்த்து, உள்ளூர் ஆசிரியரே ஒரு துணைப்பாட நூல் எழுதலாம். எழுதினாலும், பொதுத்தேர்வு வினவாத பாடத்திற்கு எந்தத் தலைமையாசிரியர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்?