தொடர்ச்சி இல்லாத உலகங்கள்: விஷ்ணுபுரமும் பூனாச்சியும்

ஃபேன்டஸி படிக்கிறவர்களிடம், ஒரே புத்தகத்தில் முடிகிற நாவல் ஏன் பிடிக்குது என்று கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம்." நியாயமான பதில்தான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வரிசையில் ஐந்தாவது நாவல் வந்தது 2011-ல். அப்போது பள்ளியில் இருந்த பையன்கள் இப்போ வேலைக்குப் போய்க்கிட்டிருக்காங்க. ஆறாவது புத்தகத்தைத்தான் காணோம்.

ஆனால் எனக்கு இந்தப் பதில் போதவில்லை. நேரம் மிச்சம் என்பதுதான் காரணம் என்றால், எண்ணூறு பக்கத்தைத் தாண்டும் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) எப்படி இவ்வளவு பேருக்குப் பிடித்தது? அந்த நாவலில் வரும் ஊரின் பெயரையே ஒரு இலக்கிய வட்டம் தன் பெயராக வைத்துக்கொண்டு 2010 முதல் ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்கு விருது கொடுக்கிறது. வரைபடத்தில் இல்லாத ஊரின் பெயரில் ஒரு விருது! சின்னப் புத்தகம், சீக்கிரம் முடிந்தது என்பதால் வரும் பிரியம் இல்லை இது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை நாவல் எழுதுகிறவருக்கு ஒரு சுதந்திரம் இருக்கு: கட்டிய உலகத்தை அவரே இடித்துவிடலாம். தொடர் எழுதுகிறவருக்கு அது கிடையாது, அடுத்த பாகத்துக்கு அந்த உலகம் வேண்டும். எங்கள் தொழிலில் சொன்னால், பழைய வெர்ஷனை நம்பி ஆயிரம் பேர் இருக்கும்போது ஒரு வரியை மாற்றக்கூட யோசிக்க வேண்டும். ஒரே ஒரு வேலைக்கென்று எழுதின நிரலுக்கு அந்தக் கவலை இல்லை. வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டுப் போகலாம். உலகமே போய்விடலாம் என்கிற பயம் ஒற்றை நாவலில் நிஜமான பயம். வாசகர் அதை எங்கேயோ உணர்கிறார்.

விஷ்ணுபுரத்தை எடுத்துக்குங்க. கருவறையில் படுத்திருக்கும் விஷ்ணு ஒரே பார்வையில் அடங்காத அளவுக்குப் பெரியவர். பாதம், உடல், முகம் என்று பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். யுகத்துக்கு ஒருமுறை அவர் புரண்டு படுப்பார் என்பது ஊரின் நம்பிக்கை. நாவலின் மூன்று பாகங்களுக்கும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று பெயர். கால், மார்பில் இருக்கும் மணி, தலை. அதாவது புத்தகமே அந்தச் சிலைதான். கோயிலில் பக்தன் எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் நாமும் படிக்கிறோம், முழுசாக ஒருபோதும் கண்ணில் படாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருவடியின் கதை. முதல் பாகத்தில் அவன் ஒரு பெண்ணின் மேல் பித்தாகி அலையும் சாதாரண மனிதன். மூன்றாம் பாகத்துக்குள் அவன் திருவடியாழ்வார் ஆகிவிடுகிறான். ஊர் அவனைக் கும்பிடுகிறது. உண்மையில் என்ன நடந்தது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். பிறகு பிரளயம் வருகிறது, ஊர் போய்விடுகிறது. புத்தகத்தை மூடும்போது அந்த ஊருக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நாம்தான். இதை முடித்தவர்கள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சாட்சிக்காரனால் சும்மா இருக்க முடியாது இல்லையா!

நமக்கு இந்த வடிவம் புதுசும் இல்லை. பாடியில் எங்கள் பகுதியிலேயே திருவலிதாயம் கோயில் இருக்கு, சம்பந்தர் பாடிய தலம். பரத்வாஜ முனிவர் வலியன் என்ற குருவியாகப் பிறந்து இங்கே சிவனை வழிபட்டார் என்பது தலபுராணம். ஒரு ஊர், ஒரு அதிசயம், அதற்கு ஒரு காரணம், அத்தோடு கதை முடிந்தது. அந்தக் குருவிக்கு இரண்டாம் பாகம் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் கோயிலுக்குக் கோயில் இப்படி ஒரு ஒற்றைக் கதை இருக்கு. விஷ்ணுபுரம் செய்தது என்னவென்றால், தலபுராணம் உருவாகிற விதத்தையே கதையாக்கியது. பழங்குடிகளின் மூதாதைதான் அந்த விஷ்ணு என்று இன்னொரு கதையும் அதற்குள் ஓடுகிறது.

இதே எழுத்தாளர் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' என்று மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதினார். அதன் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் நமக்குக் கிடைப்பது வேறு வகை இன்பம், தெரிந்த மனிதர்களோடு வருஷக்கணக்கில் கூடவே வாழ்வது. விஷ்ணுபுரத்தில் கிடைப்பது இழப்பு.

அடுத்து, அளவில் நேர் எதிரான ஒன்று. பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). பூதம் போன்ற ஒரு ஆள், வறண்ட ஊரில் இருக்கும் ஒரு கிழவனிடம் பூனைக்குட்டி அளவே இருக்கும் கறுப்பு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அது ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் என்கிறான். மற்றபடி எல்லாம் நமக்குத் தெரிந்த பட்டி, தீவனம், மேய்ச்சல்தான். அதிசயம் அந்த ஒன்றே ஒன்று, அதுவும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற அதிசயம் இல்லை.

'மாதொருபாகன்' பிரச்சினைக்குப் பிறகு, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்தவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு எழுதிய நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், அதனால் ஆடு என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். உடனே எல்லாரும் இதை அரசியல் உருவகமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டுக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிய வரிசையில் நிற்பது, கறுப்பு ஆடு என்றாலே அதிகாரிகளுக்குச் சந்தேகம் வருவது எல்லாம் அப்படிப் படிக்கத் தோதாகத்தான் இருக்கு.

என் சண்டை இங்கேதான். ஒவ்வொரு காட்சிக்கும் "இது எதைக் குறிக்குது" என்று பதில் கண்டுபிடித்துவிட்டால் ஆடு காணாமல் போய்விடும். பூனாச்சி பூவன் என்ற கிடாவை நினைத்து ஏங்குவது எந்தச் சட்டத்தின் உருவகமும் இல்லை. அது ஒரு ஆட்டின் ஏக்கம். அதை நம்ப வைக்கிறதுதான் ஃபேன்டஸியின் வேலை, நாவல் அதைச் செய்துவிடுகிறது. நாம்தான் அதை 'அரசியல் நாவல்' அலமாரியிலும், விஷ்ணுபுரத்தை 'தத்துவ நாவல்' அலமாரியிலும் வைத்துவிட்டு, தமிழில் ஃபேன்டஸியே இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

இன்னொன்றையும் கவனிங்க. மாதொருபாகனின் (2010) முடிவு திறந்தே இருந்தது. அதிலிருந்து 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சிகளை அவரே 2014-ல் எழுதினார். காளி செத்துப்போனால் ஒரு கதை, பிழைத்தால் இன்னொரு கதை. நடப்பியல் உலகம் அதற்கு இடம் கொடுக்கும், ஏனென்றால் அந்த ஊரும் சனங்களும் கதைக்கு வெளியிலும் இருக்காங்க. பூனாச்சியின் உலகம் அப்படி இல்லை. அந்த ஏழு குட்டி அதிசயத்தின் மேல்தான் அது நிற்கிறது. அதிசயம் தீர்ந்ததும் உலகமும் தீர்ந்துவிடுகிறது.

வெளியே இருந்து ஒரு உதாரணம் என்றால், சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). சிலைகளும் கடல் அலைகளும் நிறைந்த முடிவில்லாத ஒரு மாளிகை, அதில் தன் பழைய வாழ்க்கையையே மறந்துபோன ஒருவன் எழுதும் நாட்குறிப்பு. அவனுக்குத் தெரியாதது நமக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது. திருவடி விஷயத்தில் நடந்ததுதான் இங்கேயும், சாட்சி நாம்தான். 2021-ல் பெண்களுக்கான புனைவுப் பரிசு வாங்கிய நாவல் அது.

குறைகளும் சொல்லணும். விஷ்ணுபுரத்தின் நடுப்பாகத்தில் தத்துவ விவாதங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அஜிதனின் வாதங்களில் எனக்கு ஆர்வம் உண்டு, ஆனால் சில இடங்களில் ஊர் மறைந்து சபை மட்டும் மிஞ்சுகிறது. பூனாச்சியில் அதிகாரிகள் வரும் காட்சிகள் மற்றப் பக்கங்களைவிட மெலிந்தவை. அங்கே ஆசிரியரே உருவகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறார்.

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், முதலில் பூனாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படிக்கும்போது எதையும் எதற்கும் முடிச்சுப் போடாமல், ஆட்டை ஆடாகவே படிங்க. விஷ்ணுபுரத்துக்கு ஒரு மாசம் ஒதுக்குங்க, முதல் நூறு பக்கத்தில் வழி தெரியாமல் சுற்றினால் கவலை வேண்டாம், அந்த ஊருக்குள் நுழையும் எல்லாரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். இரண்டையும் முடித்தபின், "அடுத்த பாகம் வந்தால் நல்லா இருக்குமே" என்று தோன்றுகிறதா பாருங்க. எனக்குத் தோன்றவில்லை.