மீள்சந்திப்பும் மறதியும்: ‘த வேர்ள்ட்ஸ் என்ட்’ திரைப்படம் பற்றிய சில குறிப்புகள்

எட்கர் றைற் நெறியாள்கை செய்து, சைமன் பெக்குடன் இணைந்து எழுதிய ‘த வேர்ள்ட்ஸ் என்ட்’ (2013) என்னும் ஆங்கிலத் திரைப்படம் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ‘ஷோன் ஒவ் த டெட்’ (2004), ‘ஹொட் ஃபஸ்’ (2007) ஆகியவற்றையடுத்து வந்த இம்மூன்றாவது படத்தை, முன்னவற்றிலும் முதிர்ச்சி வாய்ந்ததெனப் பாராட்டுவோர் ஒரு சாரார். நண்பர் கதை ஒருபுறமும் அறிவியற் கற்பனை மறுபுறமுமாகப் படம் பிளவுண்டு கிடக்கின்றது என்போர் மறுசாரார். பிளவு உண்டென்பது உண்மையே. ஆயின் அஃது எவ்விடத்தில் விழுகின்றது, ஏன் அவ்விடத்தில் விழுகின்றது என்னும் வினாவை இரு சாராரும் எழுப்பினாரல்லர். வெறும் பகிடிப் படமெனப் புறந்தள்ளாது இதனை ஆராய வேண்டியிருப்பதும் அதனாலேயே.

கதை எளியது. 1990 யூன் மாதத்திலே, நியூட்டன் ஹேவன் என்னும் சிறு நகரின் மாணவர் ஐவர், அங்குள்ள பன்னிரண்டு மதுச்சாலைகளிலும் ஒரே இரவிற் குடித்து முடிக்க முயன்று தோற்கின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், அவர்களின் தலைவனாயிருந்த கெரி கிங் (சைமன் பெக்) மற்றை நால்வரையும் மீண்டும் திரட்டுகின்றான். அன்டி (நிக் புறொஸ்ற்) சட்டத்தரணியாகிவிட்டான். ஒலிவர் வீடு காணித் தரகன். ஸ்ரீவன் கட்டட நிர்மாணத்துறையில் இருக்கின்றான். பீற்றர் தந்தையின் மோட்டார் வாகன விற்பனை நிலையத்திற் பணிபுரிகின்றான். கெரிக்கு மட்டும் தொழில் இல்லை. அதே கறுத்த அங்கி, அதே பழைய வாகனம், அதே இரவு. நால்வரும் உற்பத்தி உறவுகளுள்ளே தத்தம் இடங்களைப் பெற்றுக்கொண்டவர், அவன் பெறாதவன். நட்பின் சோகமாக நமக்குக் காட்டப்படுவது ஓரளவுக்கு இந்த இடைவெளியே.

முதலாவது மதுச்சாலையிலிருந்து இரண்டாவதனுள் நுழையும்போது இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோலவே இருக்கின்றன. ஊர்தோறும் தனித்தன்மையோடு விளங்கிய கடைகள், பெருங் கம்பனிகளின் சங்கிலித் தொடருட் சிக்கி ஒரே வார்ப்பாகி விட்டன என ஒருவன் விளக்கமும் கூறுகின்றான். பல்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவரது எழுத்தில் யதார்த்தம் வெளிப்பட்டதை 1888இல் எங்கெல்ஸ் ஒரு கடிதத்திற் சுட்டினார். அத்தகையதொரு கணம் இப்படத்தில் உண்டெனில் அது இதுவேயாகும்.

ஆனால் அக்கணம் நீடிக்கவில்லை. நான்காவது மதுச்சாலையின் மலசலகூடத்தில் ஓர் இளைஞனின் தலை கழன்று விழுகின்றது. நீலநிறத் திரவம் வழிகின்றது. ஊரார் பலர் இயந்திர உருக்களால் மாற்றீடு செய்யப்பட்டுள்ளமை தெரியவருகின்றது. வேற்றுக்கிரக சக்தியாகிய ‘வலையமைப்பு’ இதன் பின்னணியில் நிற்கின்றது. ஒரே வார்ப்பாதல் மூலதனத்தின் செயல் என்ற விளக்கம் கைவிடப்பட்டு, வானிலிருந்து வந்த வினையென்ற விளக்கம் அதனிடத்தைப் பெறுகின்றது. குறைகூறுவோர் காணும் பிளவு சரியாக இங்கேதான் விழுகின்றது. அது கலைத்திறக் குறைபாடன்று, கருத்தியலின் தழும்பு.

வரலாற்றை நோக்குமிடத்து இத்தழும்பு மேலும் துலக்கமாகும். தச்சர் அரசாங்கம் 1989இற் பிறப்பித்த ஆணைகள், பெரும் பியர் உற்பத்தி நிறுவனங்கள் தம்முடன் பிணைத்து வைத்திருக்கக்கூடிய மதுச்சாலைகளின் தொகைக்கு வரம்பு விதித்தன. 2000 என்பதே அதன் அளவுகோல். போட்டியைப் பெருக்குவதே கூறப்பட்ட நோக்கம். விளைவோ வேறு. ஆயிரக்கணக்கில் விற்பனைக்கு வந்தவற்றுட் பெருந்தொகையானவை, காலப்போக்கிற் கடன் மூலதனத்தோடு புறப்பட்ட மதுச்சாலைக் கம்பனிகளிடம் சென்று குவிந்தன. கெரி தன் வாழ்வின் பொற்காலமாகப் போற்றும் அவ்விரவு, இம்மாற்றம் தொடங்கிவிட்ட காலத்து இரவாகும். அதே ஆண்டு மார்ச் 31இல் தலைவரிக்கெதிராக இலண்டன் மாநகரிற் பெரும் ஆர்ப்பாட்டமும் கலவரமும் நிகழ்ந்தன. நவம்பரில் தச்சர் பதவி துறந்தார். படத்தின் 1990இலோ இசையும் பியரும் இளமையும் மட்டுமே உண்டு. கெரியின் ஞாபக சக்தி வியக்கத்தக்கது: எந்த மதுச்சாலையில் என்ன நடந்தது என்பதனைத்தையும் அறிவான். அந்நாடு அவ்வாண்டில் எவ்வாறிருந்தது என்பதை மட்டும் அவனும் அறியான், படமும் அறியாது.

படப்பிடிப்புக்குத் தெரிந்த இடங்களும் ஒன்றைச் சொல்கின்றன. நியூட்டன் ஹேவனாக நடித்தவை லெச்வேர்த், வெல்வின் என்னும் பூங்கா நகரங்கள். எபனேசர் ஹவார்ட் 1898இல் முன்வைத்த திட்டத்தின்படி, நிலத்தின் மதிப்பேற்றம் தனியாரைச் சேராது சமூகத்தையே சேர வேண்டுமென்னும் இலட்சியத்தோடு 1903இல் எழுந்தது லெச்வேர்த். பல தசாப்தங்களாகத் தன் மையப் பகுதியில் மது விற்பனைக்கு இடங்கொடாத ஊரும் அதுவே. 1907இல் அங்கு திறக்கப்பட்ட சத்திரமொன்று மதுவில்லா மதுச்சாலையாகவே நடைபெற்றது! அதன் புகையிரத நிலையத்துக்கு மதுச்சாலை வேடமிட்டுப் படம்பிடித்தனர். பொதுவுடைமையின் மங்கிய சுவடு பதிந்த ஒரு நகரம், எவ்வரலாறும் அற்ற ஏதோவொரு சிற்றூராகத் திரையில் தோன்றுகின்றது.

எனினும் படத்தை முற்றாக நிராகரித்தல் நேர்மையாகாது. ‘றோபோ’ என்ற சொல்லுக்கு அடிமை என்பது பொருள், நாங்கள் அடிமைகளல்லர் என அவ்வுருக்கள் வாதிடுமிடம் சிரிப்புக்காகவே எழுதப்பட்டுள்ளது. ஆயின் கரல் சப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக உலகெங்கும் பரவிய அச்சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதனினும் கூர்மையானது ஒலிவரின் கதி. அவன் அழிந்தபின் அவனது வெற்றுரு காணித் தரகைத் தொடர்ந்து நடத்துகின்றது. தொழிலில் எவ்விடையூறும் இல்லை. அந்நியமாதல் பற்றிப் பல பக்கங்களில் நாம் எழுதுவதை இக்காட்சி ஒரு நொடியில் உணர்த்திவிடுகின்றது.

உச்சக்கட்டத்தில், பூமியை நாகரிகப்படுத்த வந்ததாகக் கூறும் வலையமைப்பை எதிர்த்து, மூடனாயிருப்பதற்கான உரிமையைக் கெரி கோருகின்றான். (இதே பணியைக் கூறிக்கொண்டு கடல்கடந்து சென்றோரின் நாட்டிலிருந்து இப்படம் வருகின்றது என்பதை அங்குள்ள பார்வையாளர் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?) வலையமைப்பு சலித்து அகல்கின்றது, உலகெங்கும் மின்சாதனங்கள் செயலிழக்கின்றன. சுதந்திரம் என்பது தனிமனிதன் விருப்பப்படி கெட்டுப்போதல் என்னும் அளவுக்கு இங்கே சுருங்குகின்றது. ஊரார் ஒன்றுகூடித் தம் ஊரை மீட்டல் என்ற எண்ணத்தின் நிழல்கூடப் படத்தில் இல்லை.

இறுதிக் காட்சி இதிலிருந்து சற்று விலகுகின்றது. கைவிடப்பட்ட வெற்றுருக்கள் இப்போது ஒதுக்கப்பட்டோராகி விட்டனர். அவர்களுக்குப் பரிமாற மறுக்கும் மதுச்சாலையொன்றினுள் கெரி அவர்களை அழைத்துச் சென்று தண்ணீர் கேட்கின்றான். மறுக்கப்படவே வாளை உருவுகின்றான். ஒதுக்கப்பட்டோர் பக்கம் ஒருவன் நிற்பதைக் காண்கையில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவனைச் சூழ்ந்து நிற்போர் யார்? அவனுடைய நண்பர்களின் இளமைக்கால உருவங்கள். அவனால் அடைந்த காயமோ கோபமோ ஏதுமற்றவர். அவனால் விபத்துக்குள்ளாகி, அவனாலேயே கைவிடப்பட்டு, பல்லாண்டு மதுவைத் தொடாதிருந்த அன்டி வேறோரிடத்தில், தீயருகே அமர்ந்து, இக்கதையைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றான்.