இரண்டாம் கோடு: குழந்தைகளை வரையத் தூண்டும் படநூல்கள் மூன்றன் ஆய்வு

குழந்தை நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர். நூலின் நடை எளிமையுடையதா என்பது ஒன்று. நூல் உணர்த்தும் நீதி யாது என்பது மற்றொன்று. பாடநூலுக்கும் நீதிக்கதைக்கும் இவ்வினாக்கள் போதுமானவையாகலாம். ஆயின், சிறு குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுத்து அதன் படைப்பாற்றலை எழுப்புதல் வேண்டும் என்னும் கருத்தோடு எழுந்த படநூல்களை இவ்விரு வினாக்களால் அளத்தல் இயலாது. ஏனைய படநூல்களிற் படம் கதைக்குத் துணையாக நிற்கும். இவற்றிலோ படம் வரைதலே கதையின் நிகழ்ச்சியாக நிற்கிறது. ஆதலின், வரைதல் என்னும் வினை இந்நூல்களில் எவ்வாறு அமைகிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இவ்வகை நூல்கள் பலவற்றுள் மூன்றனை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் அமெரிக்க நாட்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தவை. மூன்றிலும் நூலாசிரியரே ஓவியருமாவார். கிராக்கெட் ஜான்சனின் 'ஹெரால்டும் ஊதா வண்ணக்கோலும்' (1955), டாமி டி பாவோலாவின் 'ஓவியப் பாடம்' (1989), பீட்டர் ரெய்னால்ட்ஸின் 'புள்ளி' (2003) என்பன அவை. இவை குழந்தையின் தயக்கத்தை நீக்கி, 'உன்னால் வரைய முடியும்' என ஊக்குவிப்பவை என்பதே பொதுவாக வழங்கும் பாராட்டு. அப்பாராட்டு பிழையன்று, எனினும் குறைவுடையது. முதற்கோடு இடுதற்குத் துணிவு ஒன்றே போதும். இட்ட கோட்டை நோக்கி, அது வேண்டுவது யாதெனத் தெரிந்து, அடுத்த கோட்டை இடுதற்குத் துணிவோடு பிறிதோர் ஆற்றலும் வேண்டும். அவ்வாற்றலே படைப்பாற்றல் என்பது நம் கருத்து. எனவே, இவ்வகை நூலின் தகுதி அது முதற்கோட்டை எவ்வாறு பாராட்டுகிறது என்பதிலன்று, இரண்டாம் கோட்டை எங்கு வைக்கிறது என்பதிலேயே தங்கியுள்ளது. இதனை மூன்று நூல்களின் வழியே நிறுவ முயல்வோம்.

இந்நூல்களின் இயல்பை உணர்தற்கு, இவற்றிற்கு மாறான வகை ஒன்றையும் நினைவிற் கொள்ளுதல் நலம். கோட்டுருவங்கள் முன்னரே அச்சிடப்பெற்று, அவற்றினுள் வண்ணம் நிரப்புமாறு குழந்தையைப் பணிக்கும் புத்தகங்கள் உலகெங்கும் விற்பனையாகின்றன. குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்பெல்டு, 1947-இல் வெளியிட்ட தம் நூலில் அவ்வகைப் புத்தகங்களை வன்மையாகக் கண்டித்தார். பிறர் வரைந்த உருவத்தை நிரப்பிப் பழகிய குழந்தை, தான் கண்டதைத் தன் கோட்டால் வரைய அஞ்சும் என்பது அவர் கொள்கையின் சாரம். இதனை நம் வினாவின் வழி நோக்கினால், அப்புத்தகங்களில் முதற்கோடும் இறுதிக்கோடும் அச்சகத்தாருடையன; குழந்தைக்கு எஞ்சுவது கோடுகட்கு இடையிலுள்ள வெளி மட்டுமே. எல்லை மீறாமை ஒன்றே அங்குத் திறனாகக் கருதப்படும்.

இனி ஹெரால்டின் கதைக்கு வருவோம். சிறுவன் ஒருவன் நிலவொளியில் உலாவச் செல்ல எண்ணுகிறான். வானில் நிலவு இல்லை. ஆகவே நிலவை வரைகிறான். நடத்தற்கு வழி இல்லை, வழியையும் வரைகிறான். காடு ஒன்று அமைய வேண்டுமென ஒரே மரத்தை வரைகிறான். அது ஆப்பிள் மரமாகிவிடுகிறது. பழத்தைக் காத்தற்கென மரத்தடியில் டிராகன் ஒன்றை வரைகிறான். அது அவனையே அச்சுறுத்துகிறது. அவன் பின்னிட்டு நகர, முதுகுப்புறம் வண்ணக்கோல் பிடித்த கை நடுங்குகிறது. நடுங்கிய கையின் கோடு அலைகளாகி, அவன் கடலில் அமிழத் தொடங்குகிறான். உடனே ஒரு படகை வரைந்து ஏறிக்கொள்கிறான்.

இப்பகுதியை நூலின் உயிர்நிலை எனலாம். தொல்காப்பியனார் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனைக் கூறினார். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை. ஹெரால்டு அஞ்சும் விலங்கோ அவனே படைத்தது. தான் படைத்தது தன்னை எதிர்த்து நிற்றல் என்னும் இவ்வனுபவம், எழுத்தோ ஓவியமோ படைத்த எவரும் அறிந்ததே. வரைந்ததை அழிக்கும் கருவி எதனையும் ஆசிரியர் அவன் கையிற் கொடுக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கதை முழுவதும் அவன் ஒரு கோட்டையேனும் அழிப்பதில்லை. அச்சத்திற்கு விடை படகு. மிகுந்த உணவிற்கு விடை, அதனை உண்ணும் மூஸ் என்னும் மான் வகை விலங்கும் முள்ளம்பன்றியும். ஒவ்வோர் இடுக்கணும் முன்வரைந்த கோட்டினின்றே பிறக்கிறது. ஒவ்வோர் உய்வும் பின்வரையும் கோட்டினின்றே பிறக்கிறது.

மலைநிகழ்ச்சி இக்கருத்தை மேலும் விளக்கும். தன் வீட்டுச் சாளரத்தைக் காண வேண்டி ஹெரால்டு ஒரு மலையை வரைந்து ஏறுகிறான். உச்சியை அடைந்து மறுபுறம் நோக்கும்போது இடறி விழுகிறான். மறுபுறத்தை அவன் வரையவே இல்லை. வரையாத பக்கம் உலகில் இல்லை என்னும் கடுமையான விதி நகைச்சுவையோடு இங்கே புலப்படுத்தப்படுகிறது. விழும்போதும் கையில் வண்ணக்கோல் இருத்தலின், பறக்கும் கூண்டு ஒன்றை வரைந்து தப்புகிறான். பின்னர் ஒரு நகர் முழுவதற்கும் சாளரங்கள் வரைந்தும் தன் சாளரத்தைக் காணாது, காவலர் ஒருவரை வரைந்து வழி கேட்கிறான். அவர் காட்டுவதோ, அவன் முன்னரே சென்றுகொண்டிருந்த திசை. தான் வரைந்த அறிஞனும் தனக்குத் தெரிந்ததற்கு மேல் கூற இயலாது என்பதைக் குழந்தைக்கு இதனினும் எளிதாக உணர்த்துதல் அரிது.

முடிவில், தன் அறையின் சாளரம் எப்பொழுதும் நிலவைச் சுற்றியே இருக்கும் என்பது அவன் நினைவிற்கு வருகிறது. நிலவைச் சுற்றிச் சாளரத்தை வரைகிறான், வீடு அமைந்துவிடுகிறது. இந்நிலவு முதற்கோடுகளுள் ஒன்றாக வரையப்பெற்று, கதை முழுவதும் அவனோடு வந்தது. ஆசிரியர் அதனைப் பற்றி மிகுதியாகப் பேசாது, படத்தில் மட்டும் நிலைநிறுத்தி, இறுதியில் அதனையே திறவுகோலாக்குகிறார். மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் ஆக்கம் என்பதை, ஒன்று மற்றொன்றாக மாறுதல் என்னும் பொருளில் உரையாசிரியர் கொள்வர். நிலவு சாளரத்தின் நடுப்பொருளாக மாறும் இவ்விடம் அதற்குத் தக்க சான்று.

நூலின் இறுதியிலுள்ள சொல்நயம் ஒன்று தமிழில் பெயர்ப்போர் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் வரைதலையும் இழுத்தலையும் ஒரே வினைச்சொல் குறிக்கும். படுக்கையை வரைந்து கிடந்த சிறுவன் போர்வையை மேலே இழுத்துக்கொள்கிறான் என்பதும், போர்வையை வரைகிறான் என்பதும் ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. 'வரைதல்' என்னும் நம் சொல்லைக் கொண்டு பெயர்ப்பின் இந்நயம் அழியும். ஆயினும், 'கோடு இழுத்தல்' என்பது தமிழ் மக்களின் நாவழக்கில் உள்ளதே. போர்வையையும் இழுத்துப் போர்த்துகிறோம். கதை முழுவதும் 'இழுத்தல்' என்னும் வினையையே பயின்று வருமாறு அமைத்தால், இறுதியில் இருபொருளும் இயல்பாகப் பொருந்தும். ஏட்டுச் சொல்லைவிடக் குழந்தையின் நாவிலுள்ள சொல்லே இங்கு நூலின் உயிரைக் காக்க வல்லது.

இரண்டாவது நூலாகிய 'ஓவியப் பாடம்' ஆசிரியரின் இளமைக்கால நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டது. ஓவியராக வேண்டும் என உறுதிபூண்ட டாமி என்னும் சிறுவனுக்கு, ஓவியக் கல்லூரியிற் பயிலும் உறவினர், 'உண்மை ஓவியர் பிறரைப் பார்த்து வரையார்' எனும் கருத்தைக் கூறுகின்றனர். பிறந்தநாட் பரிசாக 64 வண்ணங்கள் கொண்ட பெட்டி கிடைக்கிறது. பள்ளியிலோ எல்லாரும் பள்ளியின் வண்ணக்கோல்களையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆளுக்குத் தாள் ஒன்றே. மேலும், கரும்பலகையில் ஆசிரியை வரைவதைப் பார்த்து வரையுமாறு பணிக்கப்படுகின்றனர். டாமி மறுத்து அமர்ந்துவிடுகிறான். முடிவில் ஓவிய ஆசிரியை ஓர் உடன்பாட்டைக் கூறுகிறார்: முதலில் வகுப்பார் வரையும் படத்தை அவனும் வரைதல் வேண்டும், காலம் எஞ்சின், மற்றொரு தாளில் தன் வண்ணக்கோல்களால் தன் படத்தை வரையலாம்.

இம்முடிவு சிலர்க்கு ஏமாற்றம் தரலாம். விதியை உடைத்து வென்ற சிறுவனையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பார்த்து வரைதல் பகையென்றும் தன்விருப்பாக வரைதலே கலையென்றும் பிரித்துவிடும் எளிய கொள்கைக்கு ஆசிரியர் இடந்தரவில்லை. ஒரு தாளில் வகுப்பின் படம். மற்றொரு தாளில் தன் படம். இரண்டாம் தாள் என்னும் இப்பொருளே நூலின் நடுவண் நிற்கிறது. பள்ளி குழந்தைக்குத் தர மறந்தது திறமையோ பாராட்டோ அன்று. ஒரு தாளே என்பதை ஆசிரியர் மிகத் தெளிவாகக் காட்டிவிட்டார். எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. டாமி தொடக்கத்திலேயே ஓவியன். தன்னால் இயலாது என எண்ணும் குழந்தைக்கு இந்நூலில் இடம் குறைவு. கோட்டிற்கும் கைக்கும் இடையே நிகழும் போராட்டமும் ஹெரால்டின் கதையில் விளங்குமளவு இதில் விளங்கவில்லை. இங்கு நிகழ்வது வரைதற்கான உரிமைப் போராட்டமே.

'புள்ளி' என்னும் நூல் அக்குறையுடைய குழந்தையையே தலைவியாகக் கொண்டது. ஓவிய வகுப்பு முடிந்தும் வஷ்டியின் தாள் வெறுமையாகவே உள்ளது. ஆசிரியை அவ்வெண்மையைப் பனிப்புயலில் நிற்கும் வெண்கரடி என நகைபடக் கூறி, ஏதேனும் ஒரு குறியிட்டு அது எங்குக் கொண்டுசெல்கிறது எனப் பார்க்குமாறு சொல்கிறார். சினங்கொண்ட சிறுமி தாளிற் குத்தி ஒரு புள்ளி வைக்கிறாள். ஆசிரியை அதனைக் கூர்ந்து நோக்கிக் கையொப்பமிடச் செய்கிறார். அடுத்த வாரம் அப்புள்ளி பொன்னிறச் சட்டத்தினுள் ஆசிரியையின் மேசைக்கு மேல் தொங்குகிறது.

புகழ்ச்சியாற் படைப்பு பிறக்கும் என்பதே இந்நூலின் கருத்தெனக் கொள்வோர் உளர். அவ்வாறாயின், உழைப்பின்றி இட்ட புள்ளிக்குப் பொற்சட்டம் தருதல் பொய்ப்புகழே எனக் குறைகூறவும் இடமுண்டு. ஆயின் நூலை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். சட்டத்திலிட்ட புள்ளியைக் கண்டு வஷ்டி மகிழ்ந்து அமைந்துவிடவில்லை. இதனினும் நல்ல புள்ளி தன்னால் வைக்க முடியும் என எண்ணுகிறாள். சட்டம் செய்த பணி, அப்புள்ளியை அவள் கையினின்று பிரித்து அவள் கண்ணெதிரே நிறுத்தியதே. தன் படைப்பைத் தானே பிறர்போல் நின்று நோக்கி மதிப்பிடும் வாய்ப்பை அது தந்தது. இரண்டாம் புள்ளி அம்மதிப்பீட்டினின்று பிறந்தது. அதுவரை திறவாதிருந்த வண்ணப்பெட்டியைத் திறக்கிறாள்; வண்ணங்களைக் கலக்கிறாள்; பெரிய புள்ளிகளைத் தீட்டுகிறாள்; புள்ளியைத் தீட்டாது அதனைச் சூழ்ந்த வெளியை மட்டும் தீட்டிப் புள்ளியைத் தோற்றுவிக்கவும் கற்கிறாள்.

பள்ளிக் கண்காட்சியில் அவள் படங்கள் புகழ்பெறுகின்றன. நேர்கோடும் தனக்கு வரையவராது எனக் கூறும் சிறுவன் ஒருவனிடம் அவள் தாளைக் கொடுத்துக் கோடு ஒன்றை இழுக்கச் சொல்லி, அவ்வளைந்த கோட்டின்கீழ்க் கையொப்பமிடச் செய்கிறாள். பெருமிதத்திற்குரியனவாகத் தொல்காப்பியனார் கூறிய கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் இச்சிறுகதையில் முறையே அமைந்திருத்தலைக் காணலாம். தானே கற்றல் கல்வி. பலவாறு முயன்று பார்க்க அஞ்சாமை தறுகண். கண்காட்சியிற் பெற்ற புகழ் இசைமை. சிறுவனுக்குத் தாளை நல்கியது கொடை. கொடையில் முடிதலே இக்கதையைத் தற்புகழ்ச்சியினின்று காக்கிறது.

இந்நூல் அடைந்த பெரும்புகழே இதற்கு ஓர் இடரையும் தந்துள்ளது. 2009-ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 15-ஆம் நாளைப் புள்ளி நாளாகப் பள்ளிகள் கொண்டாடி வருகின்றன. மாணவர் புள்ளிகளை வரைந்து மகிழ்தல் நன்றே. ஆயின் வகுப்பிலுள்ள அனைவரும் அன்று புள்ளியையே வரைதல் வேண்டும் என விதித்துவிடின், வஷ்டியின் புள்ளி மற்றுமோர் அச்சுருவமாகிவிடும். கதையின் இறுதியில் அவள் அச்சிறுவனைப் புள்ளி வைக்குமாறு சொல்லவில்லை. கோடு இழுக்கவே சொன்னாள் என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று நூல்களும் ஒரே வினாவிற்கு வேறுவேறு விடை தருகின்றன என்பது பெறப்படும். இரண்டாம் கோட்டை ஹெரால்டு இடுக்கணிற் கண்டான். டாமி இரண்டாம் தாளிற் பெற்றான். வஷ்டி தன் மதிப்பீட்டிற் கண்டாள். இம்மூன்றனுள் ஜான்சனின் நூலையே தலையாயதெனக் கொள்கிறோம். அதில் புகழ்வோரும் இல்லை, தடுப்போரும் இல்லை, வரைந்ததே வரைந்தோனுக்கு ஆசிரியனாகிறது. குழந்தைகட்கு இத்தகைய நூல்களைத் தமிழில் ஆக்கவும் பெயர்க்கவும் முயல்வோர், ஊக்கமொழிகளை நிரப்புவதோடு அமையாது, கதையினுள்ளே அடுத்த கோட்டிற்குரிய தேவையைப் படைத்தல் வேண்டும். நூலை மூடிய குழந்தை நீதி ஒன்றைச் சொல்லுமாயின் அது நல்ல மாணவன் ஆகலாம். ஒரு தாளைக் கேட்குமாயின் நூல் தன் பணியை முடித்ததென்க.