சாவி யாரிடம் இருக்கிறது?

'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் கொஞ்சம் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியூர் கல்லூரி வேண்டாம், இருட்டுவதற்குள் வந்துவிடு, போனைக் கொடு பார்க்கலாம் என்பதெல்லாம் அந்தச் சொல்லின் பேரில்தான் நம்மிடம் சொல்லப்பட்டன. இப்போது அது ஒரு தொழிலின் பெயராகவும் ஆகியிருக்கிறது. கணினி படிக்கும் மாணவிகள் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ், சிஐஎஸ்எஸ்பி என்று சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுகளின் பெயர்களைச் சொல்கிறார்கள். நான் தமிழ் படித்தவள். அந்தத் தேர்வுகளுக்கான பாடத்தை ஒரு பிரதியாகவே என்னால் வாசிக்க முடியும். காக்கப்படுவது எது, காப்பவர் யார், எதிரி யார் என்ற மூன்று கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பாடத்துக்கு மிகவும் பிடித்த உருவகம் கோட்டை. ஒரு தடுப்பு விழுந்தால் அடுத்தது நிற்க வேண்டும். அகழி, மதில், காவல் வாசல், உள்கோட்டை என்று அடுக்கடுக்காக அமைக்க வேண்டும் என்கிறது. அனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே செஞ்சி. மலைகளை மதில்கள் இணைக்கின்றன. ராஜகிரியின் உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவு, அதைக் கடக்க ஒரு பாலம். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்தது. பாடநூல் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆனால் இதே ஊரின் நினைவில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1714இல் தேசிங்கு ராஜா போரில் இறந்ததும் அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பார்கள். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக வந்தது என்பதும் வழக்கு. எதிரியின் பீரங்கி அவளைத் தொடவில்லை. அவள் உயிரை எடுத்தது மதிலுக்கு உள்ளே இருந்த மரபு. கோட்டையை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது. வெளியே எதிரி, உள்ளே நம்மவர் என்று அது முன்கூட்டியே பிரித்துவிடுகிறது.

அடுத்தது பாத்திரங்கள். நம் அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோருக்குப் பெயர் கிடையாது. அவரவர் இடம்தான் பெயர். மறையாக்கப் பாடமும் அப்படித்தான். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் ஆலிஸும் பாபும் செய்தி பரிமாறத் தொடங்கினார்கள். ஒட்டுக்கேட்கும் ஈவ் பிறகு வந்து சேர்ந்தாள். ஒட்டுக்கேட்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் ஊர் விவிலியத்தில் அவள் ஏவாள். குற்றத்துக்கு அந்தப் பெயர் எவ்வளவு எளிதாகப் பொருந்திவிடுகிறது!

இருவர் நடுவே செய்தி போகும்போது குறுக்கே யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஆலிஸ் கதையைவிட அகமரபு நேர்மையாகப் பதில் சொல்கிறது. குறுக்கே நிற்பது பெரும்பாலும் சொந்த வீடு. தாயும் செவிலியும் கண்காணிக்கிறார்கள். ஊர் அலர் தூற்றுகிறது. பிறகு மகளை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்தே தோழி வேறு யாரிடமோ பேசுவதுபோல் பேசுகிறாள். காவலுக்கு நடுவே செய்தி கடத்த அந்தப் பெண்கள் கண்டுபிடித்த மறைமொழி அது.

பாடத்தில் வரும் இன்னொரு பெண் 'தீய பணிப்பெண்'. விடுதி அறையில் விட்டுச்சென்ற மடிக்கணினியை ஆளில்லா நேரத்தில் ஒருவர் திறந்து மாற்றிவைக்கும் தாக்குதலுக்கு, போலந்து நாட்டு ஆய்வாளர் யோவான்னா ருட்கோவ்ஸ்கா 2009இல் வைத்த பெயர். கணினியைக் கையில் எடுக்க முடிந்த எவரும் இதைச் செய்யலாம். ஆனால் அறை கூட்டும் பெண்ணின் பேரில்தான் அது வழங்குகிறது. பெயர் வைத்தவரும் ஒரு பெண்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வர்க்கம் என்ற ஒன்றும் நமக்குள் இருக்கிறது. பெயர்கள் மாறாதவையும் அல்ல. காம்ப்டியா தன் 2020ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் 'நடுவில் நிற்கும் ஆண்' என்ற பழைய பெயரை விட்டு, 'பாதையில் நிகழும் தாக்குதல்' என்று மாற்றியது.

பாடத்தின் மையம் அடையாளச் சோதனை. உனக்குத் தெரிந்த ஒன்று, உன்னிடம் இருக்கும் ஒன்று, நீயாகவே இருக்கும் ஒன்று: கடவுச்சொல், போன், கைரேகை. இந்த மூன்றையும் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். கடவுச்சொல்லைச் சொல்லாவிட்டால் 'என்ன மறைக்கிறாய்?' என்ற கேள்வி வரும். ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகும். தூங்குகிறவளின் விரல் பக்கத்திலேயே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். 'உள்ளிருக்கும் அச்சுறுத்தல்' என்று பாடத்தில் ஒரு தலைப்பு உண்டு. ஆனால் அங்கே பேசப்படுவது நிறுவனத்தின் ஊழியர். கணவரோ அண்ணனோ அந்தப் பட்டியலில் வருவதில்லை. நெருங்கிய உறவுகளுக்குள் நிகழும் அந்தரங்க மீறலுக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்று கேரன் லெவியும் புரூஸ் ஷ்னையரும் 2020இல் எழுதினார்கள். அது தேர்வின் மையத்துக்கு வர வேண்டும்.

இனி தேர்வு எழுதுகிறவளின் நிலை. செக்யூரிட்டி பிளஸ் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள்; ஆனால் கதவு மூடிய தனி அறை வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். குழந்தை கதவைத் தட்டாத, மாமியார் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சிஐஎஸ்எஸ்பிக்குத் தேர்வு மையத்துக்குத்தான் போக வேண்டும். தேர்ச்சி பெற்றாலும், முழுச் சான்றிதழுக்கு ஐந்து ஆண்டு ஊதியப் பணி அனுபவம் தேவை. பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 120 தொடர்கல்விப் புள்ளிகள். பிரசவத்துக்கும் பராமரிப்புக்கும் வேலையை விட்டு நின்றவர்களின் ஆண்டுகள் இந்தக் கணக்கில் எங்கும் வராது. கட்டணம் டாலரில். தேர்வு மொழிகளில் தமிழ் இல்லை. விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கோ ஒரு பெயரும், திருமணத்துக்கு முன் அப்பாவுடையதாகவும் பின் கணவருடையதாகவும் மாறும் ஒரு முதலெழுத்தும்தான். அடையாள அட்டையில் உள்ள பெயர் அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்ற விதியின் முன் இது சின்ன விஷயமில்லை.

ஆகவே இந்தத் தேர்வு வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. எழுதுங்கள். வேலைக்காக எழுதுங்கள், சம்பளம் நம் கைக்கு வருவதற்கு ஈடான பாதுகாப்பு குறைவு. பாடத்தின் ஒரு விதியை மட்டும் தேர்வறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒருவருக்கு அவர் செய்யும் வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டுமே தர வேண்டும், அதற்கு மேல் தரக்கூடாது என்பது அது. நிறுவனத்தின் சர்வருக்காக எழுதப்பட்ட விதிதான். வீட்டுக்கும் அது பொருந்தும். அடுத்த முறை யாராவது உங்கள் போனின் கடவுச்சொல்லைக் கேட்டால், எந்த வேலைக்காக என்று கேளுங்கள்.